திரும்பி வந்த செருப்பு

“எந்தச் சந்தை நல்ல சந்தை, பாய்?”

சகாயமேரி நின்றுகொண்டே கேட்டாள். உட்காரச் சொல்லும்வரை உட்காராத பழக்கம் ஆலையில் வந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காராத பழக்கம் வேலைநிறுத்தத்தில் வந்தது.

இலியாஸ் பாய்க்கு அவளைவிடப் பதினெட்டு வயது குறைவு. ஆம்பூர் புறவழிச் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. ஆன்லைனில் விற்று, வேண்டாம் என்று திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்து அடுக்குவது அவர் வேலை. பத்து வருடமாக மற்றவர்கள் வேண்டாம் என்றதையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று சுற்று வட்டாரத்துச் சிறு வியாபாரிகள் நம்பினார்கள். யோசனை கேட்டு வருவார்கள். பாதிப் பேர் திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

அவர் ஒரு பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“என்ன விக்கிறீங்க, அக்கா?”

“செருப்பு. சர்க்கரை வியாதிக்காரங்க போடுற மெத்துச் செருப்பு.”

“யாரு வாங்குவா?”

“காலு இருக்கிற எல்லாரும்.” அவள் சிரித்தாள். “சர்க்கரை இல்லாத வீடு ஒண்ணு காட்டுங்க பாப்போம்.”

அவர் சிரிக்கவில்லை.

“அப்ப எல்லாச் சந்தையிலயும் போடுங்க.”

“இதைக் கேக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?”

“ஒரே பஸ் இருக்குதே, அக்கா. நீங்க யாரையும் கேக்கல.”

அவள் திட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்.

*

அவளுக்கு அவகாசம் இருபத்து மூன்று நாள்.

இருபத்தொன்பது வருடம் ஷூவின் மேல்தோல் தைத்தவள். கழிவறைக்குப் போன பெண் எத்தனை நிமிடத்தில் திரும்புகிறாள் என்று மேஸ்திரி கடிகாரம் பார்க்கத் தொடங்கிய நாளில் அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். நானூறு இயந்திரங்கள் நின்றன. நாற்பத்தோரு நாள் கழித்து நானூறும் ஓடின. பதினோரு பெண்கள் மட்டும் வெளியே நின்றார்கள்.

அந்தப் பதினோரு பேரும் ஒரு கொட்டகை பிடித்துச் செருப்புத் தைத்தார்கள். சகாயமேரியை லீடரம்மா என்றார்கள். நல்ல நாளில் மரியாதையாக. சரக்கு தேங்கிய நாளில் வேறு மாதிரி.

ஆலை ஒரு கடிதம் அச்சடித்து அனுப்பியிருந்தது. ‘என் தவறை உணர்ந்தேன். வருந்துகிறேன். இனி எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன்.’ கீழே புள்ளிக்கோடு. மாதக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் புது ஆள் சம்பளத்தில் வேலை.

“செருப்பு வித்தா இந்தக் கடுதாசியில அடுப்பு பத்த வைப்போம்,” என்றாள் சகாயமேரி. “விக்கலேன்னா நானே முன்னால நடந்து போறேன்.”

*

கைபேசியில் இருந்த மூன்று ஆன்லைன் சந்தைகளிலும் போட்டார்கள்.

முதலாவது பேரங்காடி. ஊசி முதல் உரல்வரை அதில் இருந்தது. ஊரே அதில் வாங்கியது.

இரண்டாவது சல்லிசு. அதில் விலை மட்டும்தான் பேசும். யார் குறைத்துப் போட்டாலும் அவர் சரக்கு மேலே வரும்.

மூன்றாவது கைப்பட. கையால் செய்த பொருளுக்கு என்று யாரோ தொடங்கியது. அதில் ஈ காக்கை இல்லை என்று சொன்னார்கள்.

கைபேசியைக் கோதாவரி பார்த்துக்கொண்டாள். பதினோரு பேரில் இளையவள், பிளஸ் டூ படித்தவள்.

முதல் வாரம் பேரங்காடியிலிருந்து ஒரு தகவல் வந்தது. பார்சல் ஒருநாள் தாமதம் என்றது. கோதாவரி திறந்தாள். ‘பார்த்தேன்’ என்ற பொத்தானை அமுக்கினாள். அமுக்கியதும் அதில் அவர்கள் கடை மூன்று நாளுக்கு மூடப்பட்டது.

சகாயமேரிக்கு ரத்தம் கொதித்தது.

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மெமோவை வாங்காதே. வாங்கினாத்தான் குற்றம். நாற்பத்தோரு நாளும் தபால்காரன் ரிஜிஸ்டர் தபாலோட வாசல்ல நின்னான். நாம ஒருத்தியாவது வாங்கினோமா?”

“இல்ல, லீடரம்மா.”

“அப்புறம்? இனிமே எந்தச் சந்தையிலருந்து எது வந்தாலும் தொறக்காதே. ஆர்டர் மட்டும் பாரு.”

கோதாவரி தலையாட்டினாள். போராட்டத்தில் கற்ற ஒழுங்கு அது. அதற்குப் பிறகு அவள் எதையும் திறக்கவில்லை.

பேரங்காடியில் செருப்பு விற்றது. சல்லிசில் அதைவிட அதிகம் விற்றது. கொட்டகையில் இரண்டு நாள் பாட்டுச் சத்தம் கேட்டது.

பிறகு பார்சல்கள் திரும்பி வரத் தொடங்கின.

கைப்படவில் ஒரு ஜோடிகூட விற்கவில்லை.

*

மாதக் கடைசி நாள், பகல் மூன்று மணிக்கு, சகாயமேரி ஒரு கோணிப்பையை இலியாஸ் பாய் முன்னால் தூக்கிப் போட்டாள். கூடக் கோதாவரி வந்திருந்தாள். சகாயமேரியின் தோளில் ஒரு துணிப்பை. அதில் பதினோரு கடிதங்கள். பத்தில் கையெழுத்து விழுந்திருந்தது. பதினொன்றாவது அவளுடையது.

“நீங்க சொன்ன மாதிரி எல்லாச் சந்தையிலயும் போட்டேன். பாருங்க.”

“உக்காருங்க, அக்கா.”

“உக்கார வரல. எந்தச் சந்தைன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. இல்ல, எதுவும் இல்லேன்னு சொல்லுங்க. அஞ்சு மணிக்கு எனக்கு வேற இடத்துல வேலை இருக்குது.”

இலியாஸ் பாய் கோணியைப் பிரித்தார். பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் சந்தைக்காரன் ஒட்டிய சீட்டு இருந்தது.

“எதுக்குத் திரும்பி வந்துச்சு?”

“சீட்டுலயே போட்டிருக்கே. சைஸ் சரியில்லை. சைஸ் சரியில்லை. எல்லாத்துலயும் அதேதான். இருபத்தொன்பது வருஷம் அளவெடுத்துத் தைச்சவளுக்குச் சைஸ் தெரியாதாம்.”

“படிக்கத் தெரியுமா, அக்கா?”

அவள் முகம் சிவந்தது.

“துண்டறிக்கை எழுதி, ஆலை வாசல்ல நின்னு, போலீசு கேக்கிற மாதிரி படிச்சவ நான். என்னைப் பாத்தா கேக்கிறீங்க?”

“சீட்டைப் படிக்கச் சொல்லல. செருப்பைப் படிங்க.”

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வரவில்லை. கொட்டகையின் மறுகோடியில் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

கோதாவரி முணுமுணுத்தாள். “இந்த ஆளுக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியாது போல, லீடரம்மா.”

சகாயமேரி ஒரு செருப்பை எடுத்தாள்.

மெத்து ரப்பரில் நாலு நாள் நின்றால் போதும், காலின் தடம் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. தைத்த விரலுக்குத் தெரியும். அவள் கட்டைவிரலை உள்ளே விட்டுக் குதிகாலிலிருந்து மெல்ல முன்னே தடவினாள்.

“இவருக்குப் பாதம் வீங்கிக் கிடக்குது. காலையில போட்டப்ப சரியா இருந்திருக்கும். சாயங்காலம் பட்டை எட்டியிருக்காது.”

அடுத்தது.

“இதுல கட்டைவிரல் தடமே இல்ல. எடுத்துட்டாங்க போல. நடக்க நடக்க முன்னால வழுக்கியிருக்கும்.”

அடுத்தது. அடுத்தது. பெட்டிகளில் இருந்தவை செருப்புகளாக இல்லை. ஆட்களாக இருந்தன.

கடைசிப் பெட்டி.

இடது செருப்பில் தடம் ஆழமாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட ஆழம். சகாயமேரி வலது செருப்பை எடுத்தாள். பட்டைக்குள் திணித்த காகிதம் அப்படியே இருந்தது. அவளே திணித்த காகிதம். ரப்பர், அறுத்த அன்று இருந்தது போலவே வழுவழுப்பாக இருந்தது.

“இந்த வலதைப் போடவே இல்லியே,” என்றாள் கோதாவரி.

சகாயமேரி மறுபடி இடது செருப்புக்குள் விரலை விட்டாள். இரண்டு காலின் பாரம் ஒரே காலில்.

அவள் விரலை வெளியே எடுக்கவில்லை.

பெட்டியின் மேல் சீட்டு இருந்தது. சைஸ் சரியில்லை.

*

இலியாஸ் பாய் எப்போது வந்து நின்றார் என்று அவளுக்குத் தெரியாது.

“காலு இருக்கிற எல்லாரும்னு சொன்னேன் உங்ககிட்ட,” என்றாள் அவள்.

அவர் கோதாவரியிடம் கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார். சகாயமேரியிடம் கொடுத்தார்.

“இப்ப நீங்கதான் அந்த ஆளு. உங்களுக்கு ஒரு செருப்பு வேணும். வாங்குங்க.”

அவள் பேரங்காடியைத் திறந்தாள். அளவு கேட்டது. நிறம் கேட்டது. எத்தனை ஜோடி என்று கேட்டது. ஒன்றுக்குக் கீழே இறங்க மறுத்தது. ‘உங்கள் கேள்வி இந்தப் பட்டியலில் உள்ளதா?’ என்று ஐந்து கேள்விகளைக் காட்டியது. அவள் கேள்வி அதில் இல்லை.

சல்லிசைத் திறந்தாள். எதுவும் கேட்கவில்லை. இதைவிட மலிவான செருப்பு நாற்பதைக் காட்டியது. நாற்பதும் ஜோடி.

“போதும் பாய்,” என்றாள்.

“இன்னொண்ணு இருக்குதே.”

“அதுல ஒரு ஜோடிகூடப் போகல.”

“வாங்குங்க, அக்கா.”

கைப்படவைத் திறந்தாள். அவர்கள் செருப்பின் படம் வந்தது. படத்தின் கீழே ஒரு கட்டம். ‘செய்தவரிடம் கேளுங்கள்.’

அவள் நிமிர்ந்தாள்.

“இதுல கேட்டா யாருக்குப் போவும்?”

அவர் கோதாவரியைப் பார்த்தார். கோதாவரிதான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

“நமக்குத்தான் வரும், லீடரம்மா. அந்தச் செவப்புப் புள்ளி.”

“எந்தச் செவப்புப் புள்ளி?”

“தெனம் வந்துச்சு. மூலையில நம்பர் ஏறிக்கிட்டே போச்சு.”

“எத்தனை?”

“முப்பத்தொண்ணு.”

“ஏன்டி தொறக்கல?”

“நீங்கதான் மெமோ வாங்காதேன்னீங்க.”

கொட்டகைக்கு வெளியே ஒரு லாரி போனது. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது.

சகாயமேரி உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெறுந்தரையில், திரும்பி வந்த செருப்புகளின் நடுவே உட்கார்ந்தாள்.

“படி,” என்றாள்.

கோதாவரி முதல் புள்ளியைத் தொட்டாள். பத்தொன்பது நாள் பழையது.

“ ‘வணக்கம் அக்கா. எங்கப்பாவுக்கு சுகர். வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இடது காலுக்கு மட்டும் ஒத்தச் செருப்பு செஞ்சு தருவீங்களா? ஜோடி வெலையே குடுத்துடுறோம். கடையில ஜோடியாத்தான் தர்றாங்க. மிச்சமாகிற வலது செருப்ப வீட்டுல பாத்துப் பாத்து அப்பா அழுவுறாரு.’ ”

கோதாவரி நிறுத்தினாள்.

“அவங்களே இன்னொண்ணும் அனுப்பியிருக்காங்க. ஒரு வாரம் கழிச்சு.”

“படி.”

“ ‘வேலையா இருக்கீங்க போல. பரவாயில்ல அக்கா.’ ”

சகாயமேரி கண்ணை மூடவில்லை. நியாயம் கேட்டு வாசலில் நின்ற நாட்களில் ஆலை மாடியில் மூடியே கிடந்த ஜன்னல்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. நாற்பத்தோரு நாளும் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பதில் சொல்லாதவனைப் பற்றி அவள் எழுதிய துண்டறிக்கை ஒவ்வொன்றும் வரி மாறாமல் நினைவுக்கு வந்தது.

இலியாஸ் பாய் அடுத்த பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“மணி நாலரை,” என்றாள் கோதாவரி. “இப்பக் கெளம்பினாத்தான். அஞ்சுக்குக் கேட்டை மூடிடுவான்.”

“பேனா குடு.”

கோதாவரிக்குக் கண் நிறைந்தது. இடுப்பிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

சகாயமேரி துணிப்பைக்குள் கைவிட்டுக் கையெழுத்தில்லாத கடிதத்தை எடுத்தாள். மடியில் வைத்து நீவினாள். அச்சடித்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு கடிதத்தைத் திருப்பிப் போட்டாள்.

வெற்றுப் பக்கத்தின் உச்சியில் எழுதினாள். ‘இடது கால் மட்டும்.’

“அடுத்ததைப் படி,” என்றாள்.