கீழே விளையாடக் கூடாது

சொல்லவே அருவருப்பாக இருக்கும் கதை இது. ஆனாலும் புதிர் இதற்குள்தான் இருக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டாவது கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நடுவில் பிள்ளைகள் விளையாட இடம் விட்டு, சறுக்குமரமும் வைத்துக் கட்டியிருந்தார்கள். எந்தச் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாலும் பிள்ளைகள் தெரிவார்கள். வண்டிகளுக்குப் பின்பக்கம் தனி இடம். அருமையான ஏற்பாடு, மனிதர்கள் குடிவரும்வரை.

முதல் மாடி சங்கரவடிவு வீட்டில் புதுக் கார் வாங்கினார்கள். பூசை போட வசதியாகச் சறுக்குமரத்தடியில் நிறுத்தி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். "ரெண்டு நாள் இங்கயே நிக்கட்டும். கண்ணு முன்னால நின்னாத்தான் நிம்மதி" என்றாள் அவள். கார் அங்கேயே குடியேறிவிட்டது. அதன்பிறகு யார் கார் வாங்கினாலும் பூசை அங்கேதான், நிறுத்துவதும் அங்கேதான்.

பிள்ளைகள் வண்டிப் பாதைக்குப் போனார்கள். ஒரு சாயங்காலம், வளைவில் திரும்பிய, அங்கேயே குடியிருக்கும் ஜெபராஜின் கார் சங்கரவடிவின் மகள் நிறைமதியை இடித்தது. காலில் மாவுக்கட்டு.

"பாதையில ஏம்ட்டி விளையாடுன?"

"சறுக்கிட்டு வந்தா கால் கார்ல முட்டுதும்மா."

எந்தக் கார் என்று சங்கரவடிவு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். பிள்ளையின் காலைப் பற்றிப் பேச வந்தவர்கள் பஜ்ஜியில் உப்பு குறைவு என்பதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். சங்கரவடிவு தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் மெதுவாத்தான் வந்தேன். வளைவுல நின்ன வேன் மறைச்சிட்டு" என்றார் ஜெபராஜ்.

வேன்காரர் சுடலைமுத்து சிலிர்த்துக்கொண்டார். "பின்னால வெயில்லா அடிக்கு. பெயிண்ட் வெளுத்தா நீங்களா அடிச்சுத் தருவீய?"

செயலாளர் மாசிலாமணி சட்னியை வழித்து நக்கியபடி சொன்னார்: "எதுக்கு வம்பு? இனி பிள்ளைக கீழ விளையாடக் கூடாதுன்னு போர்டு வச்சிருவோம்."

சங்கரவடிவைத் தவிர அத்தனை பேர் கைகளும் உயர்ந்தன. ஒருவருக்கும் கூச்சமில்லை.

"எம் பிள்ள எழும்பி நடந்தா எங்க போவா? நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கேட்டுவிட்டு, காறித் துப்பாத குறையாக அவள் வெளியேறினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒருவர் இடித்தார், ஒருவர் மறைத்தார், ஒருவர் தடை போட்டார். பிள்ளைகளுக்குக் கீழே இடமில்லாமல் செய்தது யார்?

மூவரும் வெட்கங்கெட்டவர்கள்தான். ஆனால் பிள்ளைகளை முதலில் துரத்தியது அவர்களில் ஒருவரும் இல்லை. வெளியே வந்த சங்கரவடிவு சறுக்குமரத்தைப் பார்த்தாள். அதன் முனையை ஒட்டி அவளுடைய கார் நின்றது, பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டுகூட அழியாமல். மற்றவர்களைப் பார்த்து வந்த அருவருப்பு அப்படியே தன்மேல் திரும்பியது. சாவியை எடுத்து வந்து காரைப் பின்பக்கத்து இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். சமையலறை ஜன்னலைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நிறைமதி, மேலேயிருந்து சொன்னாள்: "இப்ப முட்டாதும்மா."