கால் கழுவிய காண்டாமிருகம்

ஆற்றோரமாக ஒரு புல்காடு. புல் என்றால் யானை நின்றாலும் முதுகு தெரியாது, அவ்வளவு உயரம். அங்கே மடிப்பாயி என்ற காண்டாமிருகம் தன் குட்டியோடு இருந்தது. தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியதால் அந்தப் பெயர். குட்டிக்குக் கொம்பு இன்னும் முளைக்கவில்லை. அதனால் அது மொட்டையன்.

மொட்டையன் பதினாறு மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. அதற்கு முந்திய குட்டியைப் புலி கொண்டுபோய்விட்டது. அதனால் மொட்டையனை மடிப்பாயி கண்ணைவிட்டு அகலவிட்டதில்லை. கண் என்று சொல்வதுகூடச் சரியில்லை. காண்டாமிருகத்துக்குப் பார்வை மட்டம். மூக்கைவிட்டு அகலவிட்டதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காண்டாமிருகங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரும்பாலும் எல்லாம் ஒரே மேட்டுக்கு வந்துதான் சாணி போடும். போடுவதற்கு முன் மோந்து பார்க்கும். யார் வந்து போனது, யாருக்கு உடம்பு சரியில்லை, எவன் சண்டைக்கு அலைகிறான், எல்லாவற்றையும் மேடு சொல்லிவிடும். பிறகு சாணியை மிதித்துக்கொண்டு கிளம்பும். போகும் தடமெல்லாம் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் வழி.

மடிப்பாயியின் முதுகில் சுண்ணாம்பி என்ற வெள்ளைக் கொக்கு சவாரி செய்யும். மடிப்பாயி நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு. சிறகில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் அன்று முழுக்கக் கோதிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மேட்டிலிருந்து திரும்பும்போது அது மெல்ல ஆரம்பித்தது.

"அக்கா, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது."

"சொல்லு."

"ஊரே போட்ட சாணியில் காலை வைத்துத் துவைக்கிறீர்களே, இது என்ன பழக்கம்? எருமைகூட இப்படிச் செய்யாது."

எருமைகூட என்றதுதான் மடிப்பாயிக்குச் சுருக்கென்று தைத்தது. நேரே ஓடைக்குப் போய்க் காலைத் தேய்த்துக் கழுவியது. அன்றிலிருந்து மேட்டுப் பக்கமே போகவில்லை. சாணியை ஓடையில் போட்டது. மொட்டையனையும் தினமும் விடிந்ததும் தண்ணீரில் இறக்கிப் பாதம் கழுவ வைத்தது. மேட்டுக்குப் போக வேண்டாமா என்று மொட்டையன் கேட்டதற்கு, அதெல்லாம் அசிங்கம் என்று சொல்லிவிட்டது. இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று சுண்ணாம்பி மெச்சிக்கொண்டது.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள் எதற்கோ மிரண்டு ஒரு காட்டெருமைக் கூட்டம் புல்லைப் பிளந்துகொண்டு ஓடிவந்தது. மடிப்பாயி ஒரு பக்கம் ஒதுங்கியது. மொட்டையன் மறுபக்கம் ஓடியது. கூட்டம் கடந்து போனபின் பார்த்தால் குட்டியைக் காணோம்.

மடிப்பாயி கூப்பிட்டது. பதில் இல்லை. வெகுநேரம் தரையை மோந்து அலைந்தது. மிதிபட்ட இடமெல்லாம் எருமை வாடைதான். மொட்டையன் தடம் எங்கேயும் தட்டுப்படவில்லை. அந்தப் பாதங்களை விடிகாலையில் கழுவ வைத்தது தான்தானே என்று அதற்கு ஞாபகம் வந்தது. அந்த நேரம் காற்றில் புலி வாடை அடித்தது. புலி வாடை வந்தால் வாயைத் திறக்காதே என்று மொட்டையனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததும் அதுதான்.

"சுண்ணாம்பி, மேலே போய்ப் பார்."

கொக்கு பறந்து ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பியது.

"அக்கா, இரண்டு இடத்தில் புல் அசைகிறது. ஒன்று வடக்கே, ஒன்று மேற்கே. எது உங்கள் பிள்ளை, எது புலி என்று எனக்குத் தெரியவில்லை."

தப்பான பக்கம் போனால் குட்டி போய்விடும். மடிப்பாயி ஒரு கணம் நின்றது. தொலைந்துபோனால் மேட்டுக்கு வா, நாங்கள் எல்லாரும் அங்கே வருவோம் என்று மொட்டையனுக்கு, அது நடக்கத் தொடங்கிய நாளில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. மேட்டைப் பார்த்து ஓடியது.

அங்கே கிழிகாதன் என்ற கிழட்டுக் காண்டாமிருகம் அப்போதுதான் வந்து நின்றது. மூக்கைத் தூக்கி மோந்துவிட்டு, "மடிப்பாயியா? நீ செத்துப்போனாய் என்றல்லவா பேசிக்கொண்டோம். உன் சேற்றுக்குட்டையைக்கூட நான் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்" என்றது.

"குட்டையை வைத்துக்கொள் அண்ணே. என் பிள்ளை வந்தானா?"

"என்னை எதற்குக் கேட்கிறாய்? மேட்டைக் கேள்."

மடிப்பாயி தலையைத் தாழ்த்தி மோந்தது. தான் ஒரு மாதத்துக்கு முன் போட்ட சாணி காய்ந்து, அதில் செடி முளைத்திருந்தது. அந்தச் செடியைச் சுற்றிச் சின்னக் குளம்புகள் மிதித்து மிதித்துக் குழப்பியிருந்தன. மொட்டையன் வந்திருக்கிறது. அம்மாவின் வாசனையைத் தேடி நெடுநேரம் அங்கேயே நின்றிருக்கிறது. பிறகு ஈரச் சாணியில் கால் பட்டு, தங்கள் பழைய சேற்றுக்குட்டை இருந்த மேற்குப் பக்கம் நடந்திருக்கிறது. அடிக்கு அடி வாசனை தெளிவாக இருந்தது.

மடிப்பாயி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. குட்டையில் மொட்டையன் கழுத்தளவு சேற்றில் அசையாமல் நின்றது. வடக்கே இருந்து வந்த புலி அப்போதுதான் கரையில் பதுங்கிப் பாயத் தயாரானது. மடிப்பாயி கீழ்ப்பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. காண்டாமிருகம் கொம்பால் குத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இனத்துக்கு ஆயுதம் பல்தான். அது புலிக்குத் தெரியும். தாய் வந்தபின் அங்கே வேலையில்லை என்று புல்லுக்குள் நழுவியது.

"உன் வாசனை எங்கேயுமே இல்லைம்மா. பழசு கொஞ்சம்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன்" என்றது மொட்டையன்.

மடிப்பாயி சேற்றில் இறங்கியது. குட்டியின் முதுகை மோந்துகொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் இரண்டும் மேட்டுக்குப் போயின. நாலு காலும் நன்றாகப் படும்படி மடிப்பாயி சாணியை மிதித்தது. முதுகிலிருந்த சுண்ணாம்பி குரலை இழுத்தது.

"அக்கா, இன்றைக்குமா?"

"உனக்குச் சிறகு இருக்கிறது சுண்ணாம்பி. எனக்கு இதுதான் இருக்கிறது."

கொக்கு எழும்பிப் போய்ப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்தது. அவை மிதித்து முடித்தபின் திரும்பி வந்து முதுகில் ஏறிக்கொண்டது.

தனக்கு வழிகாட்டும் பழக்கத்தை, அது தேவைப்படாதவர் முகம் சுளித்தார் என்பதற்காக ஒருவர் விட்டுவிடக் கூடாது.