சிக்னல் தேடிய ரேஞ்சர்

காட்டுத்தீ ஊருக்குள் வராமல் இருக்கப் புல்லை வெட்டித் தடுப்புக்கோடு போடச் சொல்லி அரசாங்கம் நிதி அனுப்பியது. ரேஞ்சர் ஞானப்பிரகாசமோ அந்தப் பணத்தில் பன்னிரண்டு ஆட்களைப் பிடித்துத் தன் பங்களாவுக்கு வெள்ளையடித்தார்.

"தடுப்புக்கோட்டை நீ ஒருத்தனே போட்டுடு" என்றார், காவலன் ஜடையனிடம்.

"சரிங்கய்யா" என்றான் ஜடையன். அவன் ஊரைச் சுற்றிலும் காய்ந்த புல்.

அன்று பெரிய அதிகாரி போனில் கூப்பிடுவதாக இருந்தது. பங்களாவில் சிக்னலே இல்லை.

"பாறைகிட்ட கிடைச்சாலும் கிடைக்குமுங்க" என்றான் ஜடையன்.

வழியெல்லாம் இடுப்பளவு புல். ரேஞ்சருக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். "முப்பதடி அகலத்துக்கு வெட்டுங்கடா!" என்று கத்தினார். ஆட்கள் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு அரிவாளோடு முன்னால் போனார்கள்.

பாறையில் கிடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமுங்க." புளியமரத்தடியிலும் இல்லை. "இன்னும் கொஞ்சமுங்க."

சாயங்காலம் ஓடைக்கரையில் போன் அடித்தது.

"தடுப்புக்கோடு போட்டாச்சா?" என்றார் பெரிய அதிகாரி.

ரேஞ்சர் திரும்பிப் பார்த்தார். பங்களாவிலிருந்து ஓடைவரை, ஜடையனின் ஊரை ஒட்டி, வழித்துவிட்டாற்போல் ஒரு கோடு.

"போட்டாச்சு சார். நானே கூடவே நடந்து போட்டேன்!"

போனை வைத்ததும் ஜடையனை முறைத்தார். "இங்கதான் கிடைக்கும்னு முன்னாடியே தெரியுமாடா?"

"தெரியுமுங்கய்யா. சொல்லியிருந்தா ரோட்டு வழியா ஜீப்புல வந்திருப்பீங்களே!"