பழசைக் கொடுத்தால்தான் புதுசு

குரு என்றதும் தாடியையும் ஆசிரமத்தையும் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் சபீனா, டாக்டர். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கடைகளுக்கு நடுவே ஒரு மாடியில் அவருடைய ஆய்வு மையம் இருந்தது. போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுப்பது எப்படி, தொற்றியவர்களை மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பது எப்படி என்பதுதான் அங்கே நடந்த ஆய்வு.

சீடருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. டாக்டர் அருமைநாயகம். அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரன் எடுத்த பிறகு என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். மகள் வயதுள்ள ஒருவரை மேடம் என்று கூப்பிட அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் அவருக்கு வராது.

மையத்தில் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் புது ஊசி கொடுப்பார்கள். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டால்தானே ரத்தத்தோடு கிருமியும் போகும்? ஆளுக்கொரு புது ஊசி இருந்தால் அந்த வழி அடைபடும். பழைய ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிப் பத்திரமாக அழிப்பார்கள். ஆனால் கொண்டுவருகிறவர்கள் சொற்பம். மற்ற ஊசிகள் சாக்கடையிலும் ரயில் பாதையோரத்திலும் கிடந்தன.

அருமைநாயகத்துக்கு இது பொறுக்கவில்லை. சபீனா ஒரு கூட்டத்துக்காக டெல்லி போயிருந்த சமயம் பார்த்துத் தானே ஒரு சட்டம் போட்டார். பழசைக் கொடுத்தால்தான் புதுசு. பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியும்விட்டார்.

சபீனா திரும்பி வருகிற அன்று காலையில் டில்லிபாபு வந்தான். துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறவன். இத்தனை வருடம் ஊசி போட்டும் அவன் ரத்தத்தில் தொற்று இல்லை. போதை ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாற்று மாத்திரைக்கு வரச் சொல்லி எல்லோரும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. யோசிக்கிறேன் என்பான். அதுவரை புது ஊசிதான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"பழைய ஊசி எங்கப்பா?" என்றார் அருமைநாயகம்.

"தூக்கிப் போட்டுட்டேன் சார்."

"எங்க போட்ட?"

"எங்கியோ போட்டேன். குடு சார், ஒடம்பு தாங்கல."

"கதவுல எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். அடுத்த வாட்டி எட்துனு வரேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. போய் எடுத்துட்டு வா, தரேன்."

டில்லிபாபு மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு படியிறங்கிப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் அருமைநாயகத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஒன்றுமே சொல்லாமல் போனதுதான் உறுத்தியது.

டீ வந்தது, ஆறியது. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தார். தான் செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த நிமிடமே மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

சபீனா பெட்டியோடு நேராக அங்கேதான் வந்தார். கதவில் இருந்த அட்டையைப் படித்தார். கிழிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"காலையில யார் வந்தாங்க சார்?"

"டில்லிபாபு மட்டும்தான் வந்தான்."

"குடுத்தீங்களா?"

"இல்ல மேடம். பழசு கொண்டுவரல."

சபீனா பெட்டியைச் சுவரோரம் வைத்தார். அருமைநாயகம் முந்திக்கொண்டார்.

"ஒண்ணு கேட்கணும் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அதைப் பையில போட்டு இங்க வரைக்கும் கொண்டுவர்றதுல இவங்களுக்கு என்ன கஷ்டம்? குழந்தைங்க செருப்பில்லாம ஓடற தெரு இது. கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?"

சபீனா அலமாரியைத் திறந்து உறை பிரிக்காத புது ஊசி ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதை டில்லிபாபுகிட்ட குடுத்துட்டு வாங்க சார். இடிஞ்ச ஐஸ் பேக்டரி சுவருக்குப் பின்னாடி இருப்பார்."

"நானா?"

"நீங்கதான். பை, பெட்டி எதுவும் வேண்டாம். சட்டைப்பையில வச்சுக்கங்க."

"சரி."

"அடையாள அட்டையைக் கழட்டி இங்க வச்சுட்டுப் போங்க."

"அது எதுக்கு?"

"அவர்கிட்ட அட்டை இல்லையே சார்."

அருமைநாயகம் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார். இது என்ன பிரமாத வேலை என்றுதான் முதலில் நினைத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் ஊசியின் உறை பையை மீறி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். உள்ளே தள்ளினார். வெள்ளைச் சட்டை வேறு, உள்ளே இருப்பது அப்படியே தெரிந்தது. எடுத்துப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டார். நடக்க நடக்க அது மொடமொடவென்று சத்தம் போட்டது. ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

மீன் கடைகள் முடிகிற முனையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒரு இளைஞனை நிறுத்திப் பையைக் காட்டச் சொன்னார்கள். செல்போன் வந்தது, பீடிக்கட்டு வந்தது, பிறகு ஒரு ஊசி வந்தது.

"இது இன்னாடா?" என்றார் ஒரு போலீஸ்காரர்.

ஊசித் தழும்பு இருக்கிறதா என்று அவனுடைய சட்டைக் கையை மடித்துப் பார்த்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஜெபமணி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அருமைநாயகத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். வஞ்சிரத்தின் விலையைப் பாதியில் விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டாக்டர், கேட்டால் சொல்லிவிடலாம் என்று அருமைநாயகம் நினைத்தார். எதைக் காட்டிச் சொல்வது? இது புது ஊசி, உறைகூடப் பிரிக்கவில்லை. அந்தப் பையனுடையதும் புதுசாக இருக்கலாம், யார் பார்த்தார்கள்? திரும்பிப் போய்விடலாமா? திரும்பினால் இன்னும் சந்தேகம் வரும். ஜெபமணி பார்த்துவிட்டால் வீட்டுக்குப் போன் போகும், சபை முழுக்கப் போகும். நெற்றி வியர்த்துக் கண்ணாடி வழுக்கியது.

ஓரமாக மீன் கழிவைக் கொட்டி வைத்திருந்த குப்பைமேடு ஒன்று இருந்தது. செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் மாதிரி அதன் பக்கத்தில் குனிந்தார். நிமிர்ந்தபோது பை காலியாக இருந்தது. யோசித்துச் செய்தாரா என்று கேட்டால் இல்லை. கை செய்துவிட்டது.

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார்.

"ஓரமா போங்க பெரியவரே, வண்டி வருது."

அவ்வளவுதான். அருமைநாயகம் ஓரமாகப் போனார். ஐஸ் பேக்டரிச் சுவர் வந்த பிறகுதான் வெறுங்கையோடு வந்திருப்பது உறைத்தது.

சுவருக்குப் பின்னால் டில்லிபாபு காலைக் குறுக்கிக்கொண்டு படுத்திருந்தான். உடம்பு நடுங்கியது. பக்கத்தில் அவனுடைய கூட்டாளி எத்திராஜ் உட்கார்ந்திருந்தான். எத்திராஜை அருமைநாயகத்துக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குத் தொற்று இருப்பதை அவனிடம் சொன்னவரே அவர்தான். மாத்திரை வாங்கிப் போவான், சாப்பிடமாட்டான். டில்லிபாபுவுக்கு இது தெரியாது. ஒருவர் ரத்தத்தில் இருப்பதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று கொடுத்த வாக்கின் பேரில்தான் இவர்கள் மையத்துக்கே வருகிறார்கள்.

"இன்னா சார், நீயே வந்துட்ட?" டில்லிபாபு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "எட்துனு வந்தியா?"

அருமைநாயகத்தின் கை பைக்குப் போய்த் திரும்பியது.

"மையத்துல இருக்குப்பா. நீ வா, தரேன்."

"நடக்க முடியாது சார், காலு இழுக்குது. வுடு சார். இவங்கிட்ட ஒண்ணு கீது, ரெண்டு பேரும் அட்ஜஸ் பண்ணிக்கிறோம்."

எத்திராஜ் தரையைப் பார்த்தான்.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டார் அருமைநாயகம். "அது மட்டும் வேண்டாம்."

"ஏன் சார்?"

எத்திராஜ் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரோடதா இருந்தாலும் வேண்டாம். பொதுவா சொல்றேன்."

"அப்ப காலைல குட்த்திருக்கலாமே சார்."

டில்லிபாபு கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

"நான் ஓடிப்போய்க் கொண்டுவரேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ. பொறுத்துப்பியா?"

"சீக்கிரம் வா சார்."

எத்திராஜ் தன் ஊசியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"முடிஞ்ச வரைக்கும் குடுக்காம வச்சுனு இருக்கேன் சார்," என்றான். "நீ போ."

அருமைநாயகம் ஓடினார். அந்த வயதில், அந்த முழங்காலோடு எப்படி ஓடினார் என்று கேட்காதீர்கள். முனையில் போலீஸ்காரர்கள் இல்லை. குப்பைமேட்டில் காகங்கள் உறையைக் கிழித்துப் போட்டிருந்தன. ஊசி தண்ணீரில் நனைந்து வழியிலேயே கிடந்தது. இனி அது யாருக்கும் உதவாது. அப்படியே விடவும் மனமில்லாமல் குனிந்தார்.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

ஜெபமணிதான். கையில் மீன் பை.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்," என்று சொல்லி நிமிர்ந்தார் அருமைநாயகம். ஊசி கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவர் மறுபடியும் ஓடினார்.

படியேறி மேலே வந்தபோது மூச்சு வாங்கியது. சபீனா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"குடுத்தீங்களா?"

"இல்ல." மேசையைப் பிடித்துக்கொண்டார். "நடக்கக்கூட முடியாம கிடக்கறான் மேடம். பக்கத்துல எத்திராஜ் இருக்கான். ஊசியோட இருக்கான்."

சபீனா உடனே எழுந்துவிட்டார். அலமாரியைத் திறந்தார். ஒன்றை எடுத்தார், யோசித்து இன்னொன்றையும் எடுத்தார். இரண்டையும் அவர் கையில் வைத்தார்.

அருமைநாயகம் நகரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"மேடம், முதல்ல குடுத்தீங்களே ஒரு ஊசி. அதை நான் வழியில…"

"அது எங்கேன்னு நான் கேட்கலையே சார்," என்றார் சபீனா. "ஓடுங்க."