கட் சொல்ற வரைக்கும்

எத்திராஜுக்கு வாய் சும்மா இருக்காது. சாம்பார்ல உப்பு ஏன் கம்மின்னு ஷூட்டிங்ல சாப்பாடு போடற ஆளுகிட்ட சண்டை பிடிப்பான். அதுக்காக ஒரு தடவ அவனை யூனிட் வேன்ல இருந்து நடுரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போனாங்க. அடுத்த நாள் வந்து ரசத்துக்கு சண்டை பிடிச்சான்.

ஹீரோ ஆகணும்னு செய்யாறுல இருந்து வந்தவன். ஆபீஸ் ஆபீஸா போட்டோ குடுத்துப் பாத்தான். மூஞ்சி சரியில்லன்னான் ஒருத்தன். மூஞ்சி ஓகே, கலர் சரியில்லன்னான் இன்னொருத்தன். உடம்பு இருக்கே, ஃபைட்டரா போயேன்னு எவனோ தள்ளி விட, ரோஸ்லின் மாஸ்டர்கிட்ட வந்து விழுந்தான்.

ரோஸ்லின் மாஸ்டர் அவனைவிட நாலு வயசு சின்னவங்க. ஹீரோயினுங்களுக்கு டூப் போட்டு மாடியில இருந்தும் ரயில்ல இருந்தும் குதிச்சவங்க. அவங்க குதிச்சதைப் பாத்து ஊரே விசிலடிச்சுது, அவங்க மூஞ்சியை ஒருத்தரும் பாத்ததில்ல. இப்போ சண்டைக்காட்சி எடுக்கற மாஸ்டர். சண்டைன்னு வந்துட்டா டைரக்டர் ஓரமா சேர் போட்டு உக்காந்துக்குவாரு. ஆக்‌ஷன் சொல்றதும் கட் சொல்றதும் மாஸ்டர்தான்.

வளசரவாக்கத்துல ஒரு காலி கிரவுண்டு. காலி அட்டைப்பெட்டியை அடுக்கி வெச்சு அது மேல ஆளுங்க தொபுக்கு தொபுக்குன்னு விழுந்துட்டிருந்தாங்க. மொத நாளே எத்திராஜ் ஆரம்பிச்சான்.

"மாஸ்டர், அடிக்க எப்போ கத்துக் குடுப்பீங்க?"

"மொதல்ல விழு."

"விழறதுக்கா செய்யாறுல இருந்து பஸ் ஏறி வந்தேன்?"

"அங்கயே விழுந்திருக்கலாம். யாரு படம் பிடிக்கறது?"

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. எத்திராஜ் சிரிக்கல.

"இங்க பாரு," மாஸ்டர் அவன் தாடைக்கு ஒரு சாண் தள்ளி கையை வீசிக் காட்டினாங்க. "ஹீரோ கை இங்கதான் போகும். மேல படாது. அந்த நேரம் உன் கழுத்து வெடுக்குன்னு திரும்பணும். திரும்பினா அடி. திரும்பலன்னா அவன் ஈ ஓட்டறான்."

"அப்போ அடிக்கறது அவன் இல்ல, நான்."

"உன் பேரு எத்திராஜா, எதிர்ராஜாவா?"

அன்னையில இருந்து மாஸ்டருக்கு அவன் எதிர்ராஜாதான்.

"இன்னொண்ணு," மாஸ்டர் சொன்னாங்க. "விழுந்துட்டா, நான் கட் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

"ஏன்?"

"ஹீரோ நிக்கறப்ப நீயும் நின்னா, எவன் ஹீரோன்னு ஜனத்துக்குக் குழப்பம் வரும்."

"வரட்டுமே."

மாஸ்டர் அட்டைப்பெட்டியைக் கை காட்டினாங்க.

ரெண்டாவது படத்துலயே அவன் எழுந்திருச்சான். ஒரு பழைய குடோன் கூரை மேல சண்டை. தகரம் தோசைக்கல்லா காஞ்சு கெடந்துது. முதுகு வெந்து போச்சு. கட் வர்றதுக்குள்ள எழுந்து உக்காந்துட்டான். ஹீரோ கூலிங் கிளாஸை மாட்டிட்டு கேரவனுக்குள்ள போயிட்டாரு. சாயங்காலம் அவரோட ஆளு வந்து, இந்த மூஞ்சி இனிமே வேணாம்னு சொல்லிட்டுப் போனான்.

மழைக்காலம் முழுக்க வேலை இல்ல. டீயும் பன்னுமா ஓட்டினான். மறுபடியும் கிரவுண்டுக்கு வந்தப்ப பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டிருந்தான்.

அப்புறமும் வாய் கொறையல. கயித்துக்கு சண்டை, கால் பேடுக்கு சண்டை, வேன்ல ஜன்னல் சீட்டுக்கு சண்டை. ஆனா விழுந்தான்னா கட் வர்ற வரைக்கும் பொணம்தான். ஈ மூக்குக்குள்ள போனாலும் அசைய மாட்டான்.

பதினோரு வருஷம் அப்படியே போச்சு. எந்த ஹீரோ என்ன ஷூ போடுவாருன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அதைத்தானே பாத்துட்டுக் கெடந்தான்.

அப்போ சேந்தன்னு ஒரு புது டைரக்டர் வந்தாரு. படம் படமா பாத்தவரு. "எல்லாப் படத்துலயும் பின்னாடி ஒருத்தன் விழறான். விழறதுக்கு முன்னாடி ஒரு மொறை மொறைக்கறான். அவன் யாரு?" அப்படின்னு தேடிக் கண்டுபிடிச்சு, எத்திராஜை ஹீரோவா போட்டுட்டாரு. புரொடியூசருக்கு அரை மனசு. சரி, மொத சண்டையைப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்னாரு.

திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளை. சண்டைக்கு ரோஸ்லின் மாஸ்டர். எதிர்ல அடி வாங்கறதுக்கு குணாளன், எத்திராஜோட ரூம் மேட்டு. பதினோரு வருஷமா பக்கத்துல பக்கத்துல விழுந்தவங்க.

"ஆக்‌ஷன்," மாஸ்டர் சொன்னாங்க.

எத்திராஜ் கையை வீசினான். குணாளன் கழுத்து வெடுக்குன்னு திரும்பிச்சு. கூடவே எத்திராஜ் கழுத்தும் வெடுக்குன்னு திரும்பிச்சு.

கேமராமேன் கேமராவை விட்டுத் தலையை எடுத்தாரு. "ரெண்டு பேரையும் யாருங்க அடிச்சா?"

யூனிட்டே சிரிச்சுது. இன்னொரு டேக். மறுபடியும் அதே கழுத்து. இன்னொண்ணு. கை போற வேகத்துக்கு தலையும் போச்சு. அதுக்கடுத்த டேக்ல கையை வீசிட்டு எத்திராஜே மல்லாக்க விழுந்தான். விழுந்து, கட்டுக்குக் காத்துட்டு கெடந்தான்.

குணாளன் மெதுவா சொன்னான், "மச்சான், நீ ஹீரோடா. நாந்தான் விழணும்."

குடைக்குக் கீழ உக்காந்திருந்த புரொடியூசர் எழுந்து வந்தாரு. கோபமா பேசல, அதுதான் பயம். "சாப்பாட்டு வேன் வர்றதுக்குள்ள ஒரு ஷாட் உருப்படியா வந்தா நீ. இல்லன்னா நாளைக்கு வேற ஆளு. டைரக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

சேந்தன் தரையைப் பாத்துட்டு நின்னாரு.

எத்திராஜ் நேரா மாஸ்டர்கிட்ட போனான். அவங்க மோர் குடிச்சிட்டிருந்தாங்க.

"எல்லாம் உங்களாலதான்."

"நான் என்ன பண்ணேன்?"

"விழு விழுன்னு பதினோரு வருஷம் பிடிச்சுத் தள்ளுனீங்க. இப்போ கையைத் தூக்கினாலே கழுத்து அதுவா திரும்புது. உள்ள ஏறிப் போச்சு. இதை எப்படி எறக்கறது? சொல்லுங்க."

மாஸ்டர் டம்ளரைக் கவுத்து வெச்சாங்க.

"ஷாட்டை மாத்தறேன். குணா உன்னை அடிப்பான். நீ விழு."

"ஹீரோவாகியும் நானேதான் விழணுமா?"

"ஹீரோவா இல்லையான்னு சாப்பாட்டு வேன் வந்தாத் தெரியும்."

பல்லைக் கடிச்சுக்கிட்டு போய் நின்னான்.

"ஆக்‌ஷன்."

குணாளன் கை வந்துது. எத்திராஜ் கழுத்து திரும்பிச்சு, தோள் திரும்பிச்சு, காத்துல ஒரு சுத்து சுத்தி செம்மண்ணுல மொத்துன்னு விழுந்தான். அந்த மாதிரி விழறதுக்கு ஊர்ல வேற ஆளு கெடையாது. புழுதி எழும்பி அடங்குச்சு.

கட் வரல.

கெடந்தான். வாயெல்லாம் மண்ணு. குணாளனோட செருப்பு கண்ணு முன்னாடி நின்னுது. அது இப்படி ஒரு அடி, அப்படி ஒரு அடி, என்ன பண்றதுன்னு தெரியாம தவிச்சுது.

கட் வரல.

"மாஸ்டர்?" கேமராமேன் இழுத்தாரு.

"ஓடட்டும்," மாஸ்டர் குரல்.

"ஹீரோ தூங்கிட்டாரா?" எவனோ கேட்டான். லைட் ஆளுங்க பக்கம் ஒரு சிரிப்பு. தூரத்துல வேன் சத்தம். சூளையைச் சுத்தி வந்து நின்னுது. கதவு தொறந்துது. பாத்திரம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுது. சாம்பார் வாசனை வந்துது. உப்பு கம்மியாத்தான் இருக்கும்.

எத்திராஜ் ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்தான். கேமராவுக்குப் பக்கத்துல மாஸ்டர் நின்னாங்க. அவனைப் பாக்கல. எங்கயோ மரத்தைப் பாத்துட்டு நின்னாங்க.

வேலை போச்சு. வேற ஆளு வரப் போறான். இந்தம்மா மரம் பாக்கறாங்க. இன்னும் எவ்வளவு நேரம்தான் நான் இப்படியே கெடக்கறது?

உள்ளங்கையைத் தரையில ஊணினான்.

யாரும் எழுந்திருன்னு சொல்லல. யாரும் கட் சொல்லல. ஒரு முட்டியைத் தூக்கினான், அப்புறம் இன்னொண்ணை. வாயில இருந்த மண்ணைத் துப்பினான். நிமிந்து நின்னு மாஸ்டரை ஒரு பார்வை பாத்தான். கேமரா அவங்க பக்கத்துலதான் இருந்துது.

குணாளன் ஒரு எட்டு பின்னால வெச்சான். ஒத்திகையில அது இல்ல. பயந்துட்டான்.

எத்திராஜ் கையை வீசினான். ஒரு சாண் தள்ளித்தான் போச்சு. குணாளன் சூளைச் செவுத்துல மோதி கீழ சரிஞ்சான். எத்திராஜ் கழுத்து அசையல.

குணாளன் எழுந்திரிக்கல. கட் வரலையே.

"கட்," மாஸ்டர் சொன்னாங்க. "சாப்பிடலாம்."

புரொடியூசர் குடையை மடக்கி கார்ல போட்டுட்டு, "இந்த ஆளே இருக்கட்டும்"னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டுப் போனாரு.

படம் முடியற வரைக்கும் எத்திராஜ் மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. எது சொன்னாலும் "சரிங்க மாஸ்டர்". அவன் வாயில அது கெட்ட வார்த்தையைவிட மோசமா இருந்துது.

படம் ஓடிச்சு. அவன் மண்ணுல கெடக்கற எடத்துல தியேட்டர்ல முறுக்கு கடிக்கற சத்தம்கூட நின்னு போச்சு. உள்ளங்கை தரையில ஊணினப்ப, பின் சீட்டுல இருந்து ஒருத்தன் "எழுந்திருடா"ன்னான். அப்புறம் நாலு பேரு. அப்புறம் தியேட்டரே சீட்டு மேல ஏறி நின்னுது.

அடுத்த படமும் சண்டைப்படம். அதுக்கடுத்ததும் சண்டைப்படம். எழுந்திரிக்கற சீன் ஒண்ணு வெச்சுடுங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. கலர் சரியில்லன்னு சொன்னவன், அதே கலரை கோயம்பேடு பாலத்துக்குப் பக்கத்துல மூணு மாடி உசரத்துக்கு பேனர் கட்டினான்.

எத்திராஜுக்கு மட்டும் அந்த மண்ணு வாயை விட்டுப் போகல. ஒரு நாள் காரை எடுத்துட்டு கிரவுண்டுக்குப் போனான். வாசல்லயே கூட்டம் மொச்சுது. எறங்கி உள்ள நடந்தான்.

புது ஆளுங்க அட்டைப்பெட்டி மேல விழுந்துட்டிருந்தாங்க.

"கட் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது," மாஸ்டர் சொல்லிட்டிருந்தாங்க.

"எறும்பு கடிக்குது மாஸ்டர்," கீழ கெடந்த ஒரு பொண்ணு சொல்லுச்சு.

"அதுக்கும் பசிக்குமில்ல. படு."

எத்திராஜுக்கு சுர்ருன்னு ஏறிச்சு. "இன்னும் அதையேதான் சொல்லிக் குடுக்கறீங்களா?"

மாஸ்டர் திரும்பினாங்க. "வாய்யா எதிர்ராஜா. பேச்சு வந்துடுச்சா?"

"அன்னைக்கு ஏன் கட் சொல்லல?"

"சொல்லல."

"ஊரே சிரிக்க மண்ணுல கெடந்தேன். எழுந்திருன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா எழுந்திருச்சிருப்பே."

"ஆமா."

"அது எனக்கு எதுக்கு?"

எத்திராஜ் விடல. "அப்போ அந்த சட்டம் பொய்யா? பொய்னா இவங்களுக்கு ஏன் சொல்றீங்க? நெசம்னா என்னை ஏன் அப்படிப் போட்டு வதைச்சீங்க?"

"சொல்றது என் பொழப்பு. நான் சொல்லத்தான் செய்வேன். நீ ஏன் கேட்டே?"

"ஏன் கேட்டேனா? ஒரே ஒரு தடவ எழுந்திருச்சதுக்கு மழைக்காலம் முழுக்க பட்டினி போட்டாங்க. மறந்துட்டீங்களா?"

"மறக்கல," மாஸ்டர் சொன்னாங்க. "சாம்பாருக்கு சண்டை போட்டதுக்கும்தான் உன்னை நடுரோட்டுல எறக்கி விட்டாங்க. சாம்பார் சண்டையை நிறுத்தினியா?"

"இல்ல."

"பின்ன, எழுந்திரிக்கறதை மட்டும் ஏன்யா நிறுத்தினே?"

எத்திராஜ் பார்வை மாஸ்டரைத் தாண்டிப் போச்சு.

மாஸ்டருக்குப் பின்னால, அந்தப் பொண்ணு எழுந்து நின்னு முழங்கையில இருந்த எறும்பைத் தட்டி விட்டுட்டிருந்தா. கட் இன்னும் யாரும் சொல்லல.