படிகாரத்தில் தெரிந்தவன்

செங்கோடன் அன்றைக்கு மடத்துக்கு வரும்போது சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே வந்தான். லாரிகளுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் அவன். மடத்தின் குருவம்மாவைவிட ஏழெட்டு வயது மூத்தவன். ஆனாலும் அவரிடம் தீட்சை வாங்கிய நாளிலிருந்து அவர் முன்னால் வாய் பொத்தித்தான் பேசுவான். அன்றைக்கு, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டு, பாம்பை இறக்கி வைத்தவன் மாதிரி நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தான்.

குருவம்மா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பிப்போன ஒரு கட்டி. சுட்ட படிகாரம்.

"இதுல யாருங்கம்மா தெரியறாங்க?" என்றான்.

முதலில் நடந்ததைச் சொல்லச் சொன்னார் குருவம்மா.

மென்று முழுங்கித்தான் சொன்னான். ஒரே மகள் கயல், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், சரியான வாயாடி. போன மாதம் ஒரு சாயங்காலத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை, எதையோ கண்டு பயந்திருக்கிறாள், பிள்ளையை நெருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதைக் கண்டு பயந்தாள் என்று மனைவி தெய்வானை கேட்டாள். தெருநாய் துரத்தியது என்று செங்கோடன் சொன்னான்.

பயந்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் தெய்வானையும் செய்தாள். படிகாரக் கட்டியால் மகளைச் சுற்றி, தணலில் போட்டாள். சூட்டில் அது பொங்கி ஓர் உருவமாய் நிற்கும். பிள்ளை எதைக் கண்டு பயந்ததோ, அந்த உருவம். தெய்வானை குனிந்து பார்த்து, நாய்தான், வாலைப் பாருங்க என்றாள். செங்கோடனும் பார்த்தான். அதில் ஓர் ஆள் நின்றான், கையை ஓங்கிக்கொண்டு.

"ஓடுற தண்ணியில போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வாங்கன்னு எங்கிட்டக் குடுத்தா. பாலம் வரைக்கும் போனனுங்க. போட முடியலை."

"நாய் துரத்துச்சா?"

செங்கோடன் தரையைப் பார்த்தான்.

"இல்லீங்க."

எழுதி முடித்து ஈரம் காயாத பலகை ஒன்று வாசலில் சாய்த்திருந்தது. கயல் அதில் தன் உள்ளங்கையைப் பதித்துவிட்டாள். அழகாயிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. அவன் கத்திக்கொண்டே கையை ஓங்கினான். அடிக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிப்போனாள். அதற்கப்புறம் பேசவில்லை.

"இனிப் பேசவே மாட்டாளோன்னு பயமா இருக்குதுங்கம்மா. பேசினா என்ன சொல்லுவாளோன்னும் பயமா இருக்குது."

குருவம்மா பொட்டலத்தைத் திரும்ப மடித்து அவன் பக்கமே தள்ளினார். வீட்டில் வேறு படிகாரம் உண்டா என்று கேட்டார். திருஷ்டிக்கு வாசலில் கட்டித் தொங்கவிட்டது உண்டு என்றான். அப்படியானால் இரண்டையும் சுடுதண்ணீரில் கரையுங்கள், துணியில் வடிகட்டி ஒரு டம்ளரில் ஆறவிடுங்கள் என்றார். மறுநாள் அடியில் பொடிப்பொடியாய்ப் பூத்திருக்கும். நல்லதாக ஒன்றை எடுத்து நூலில் கட்டி, தெளிந்த தண்ணீரில் தொங்கவிட வேண்டும். அசையாத இடமாகப் பார்த்து வைத்தால் அது வளரும்.

"மூணு பேரும் சேந்து செய்யுங்க. பாப்பாதான் மேஸ்திரி. அவ சொல்றபடி கேளுங்க."

"அவதான் பேசறதே இல்லீங்களே."

"தெரியும்," என்றார் குருவம்மா.

வீட்டில் பொட்டலத்தைப் பார்த்ததும் தெய்வானைக்கு முகம் வெளுத்துப்போனது. சுற்றிக் கழித்ததை யாராவது வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவார்களா என்று கேட்டாள். குருவம்மா சொன்னார் என்றதும் பொட்டலத்தைத் தொடாமலே அடுப்பைப் பற்றவைத்தாள். கயல் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் ஏறி நின்றாள்.

வாசல் படிகாரம் சர்க்கரை மாதிரி கரைந்துவிட்டது. சுட்டது அவ்வளவு லேசில் கரையவில்லை. இலேசான கட்டி, மிதந்தது. கொதிக்கிற தண்ணீரில் சுழன்று சுழன்று வந்தது, ஓங்கிய கையோடு. ஒவ்வொரு சுற்றுக்கும் அது தன்னைப் பார்த்துத் திரும்புவதாகவே செங்கோடனுக்குத் தோன்றியது. வெளியே போய்விடலாமா என்று பார்த்தான். மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய் இல்லை தெய்வானை," என்றான். "நான்தான்."

தெய்வானை கரண்டியை நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். என்ன கேட்பாளோ என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கட்டி கரைகிற வரைக்கும் அவன்தான் கிண்டினான். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

மறுநாள் டம்ளரின் அடியில் கல்லுப்பு மாதிரி பூத்திருந்தது. அதில் கண்ணாடி போல் தெளிந்த ஒன்றைக் கயல் பொறுக்கினாள். நூலில் முடிச்சு நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது. செங்கோடனுக்குத் தானே வாங்கிக் கட்டிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. மேஸ்திரி விடவில்லை. கடைசியில் அவளே கட்டி, அப்பாவின் மெல்லிய பிரஷ் ஒன்றைக் கேட்காமல் எடுத்து டம்ளரின் குறுக்கே வைத்து, அதில் நூலைச் சுற்றினாள். ஜன்னலோரத்து மேல் தட்டைக் கையால் காட்டினாள். செங்கோடன் டம்ளரை அங்கே வைத்தான்.

கல் வளர்ந்தது. பட்டை பட்டையாய், பார்க்கவே அழகாய் வளர்ந்தது. தெய்வானைகூட வந்து வந்து பார்த்தாள். செங்கோடனுக்கு மட்டும் அதுவே பெரிய கிலியாகிவிட்டது. இதற்குள்ளும் ஏதாவது உருவம் வந்துவிடுமோ என்று விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்பான். ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான் காப்பி இறங்கும்.

ஒரு நாள் காலையில் பார்த்தான். கல்லின் ஒரு மூலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கை மாதிரி.

நூலைப் பிடுங்கிக் கல்லை வெளியே வீசிவிட வேண்டும் என்ற நினைப்பில் தட்டுக்குக் கையை உயர்த்திவிட்டான்.

"தொடாதப்பா. ஆடிரும்."

பின்னால் கயல் நின்றிருந்தாள். அவன் கை அந்தரத்தில் நின்றது. அன்றைக்குப் போலவே ஓங்கி நிற்கிறது என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. மெல்ல இறக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். ஒன்றுமே நடக்காதது மாதிரி கயல் அவனைத் தாண்டிப் போய், ஸ்டூலில் ஏறி டம்ளரை எட்டிப் பார்த்தாள்.

அன்றைக்கே மடத்துக்கு ஓடினான். வேலைக்குக்கூடப் போகவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டு அழுதான்.

"அப்புறம் என்ன?" என்றார் குருவம்மா.

"பேச்சு வந்துருச்சுங்க. எனக்குப் பயம் போகலை. அன்னிக்குப் படிகாரத்துல நின்னது நான்தானுங்களா? அவ கண்ணுக்கு இன்னும் அப்படியேதான் நிக்கறனா?"

"அவ தொடாதன்னு சொன்னதும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"கையை இறக்கிட்டனுங்க."

"அதை அவ பாத்தாளா?"

செங்கோடன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "பாத்தாளுங்க," என்றான்.