அட்டைக்குக் காலைக் கொடுத்தவர்

விலங்கியல் துறைத் தலைவர் ஆளவந்தாருக்கு ஒரு பழக்கம். துறையிலிருந்து எந்தக் கட்டுரை போனாலும் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும். கட்டுரையைப் படிக்கிற பழக்கம்தான் கிடையாது.

ஆய்வு மாணவி மரியபுஷ்பம் மழைக்காலம் முழுக்கக் காட்டில் நின்று, அட்டைகளுக்குத் தன் காலையே கொடுத்து, கடிவாயில் ரத்தம் எவ்வளவு நேரம் வடிகிறது என்று கட்டுரை எழுதியிருந்தாள். அதில் முதல் பெயர் அவளுடையதாக இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

"என் பேரை முதல்ல போடும்மா" என்றார் தலைவர்.

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. "சரிங்க சார். யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு ஆய்விதழ்ல கேக்கறாங்க. உங்களுக்கு என்ன போட?"

"இருக்கறதுலயே கஷ்டமான வேலையைப் போடு."

அப்படியே போட்டாள். கட்டுரை அனுமதிக்காகக் கல்லூரி முதல்வரிடம் போனது. அவர் துறைக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"இந்த வயசுல அட்டைக்குக் காலைக் கொடுத்திருக்கீங்களே சார்! பேன்ட்டைக் கொஞ்சம் தூக்குங்க, பிள்ளைங்க தழும்பைப் பாக்கட்டும்."

தலைவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "அது வந்து... இந்தப் பொண்ணோட கால்தான். என் பேரை எடுத்துடும்மா."

முதல்வருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "கடிக்கிற அட்டையை எப்படிம்மா எடுப்பே?"

மரியபுஷ்பம் கொட்டாவியை விழுங்கினாள். "பிடிச்சு இழுக்கக் கூடாது சார், இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். கொஞ்சம் உப்பு போட்டா, தானா விட்டுடும்."